அரை மணி பின்தங்கிய கம்ப்யூட்டர்கள்

சர்க்கரை பார்க்கிற மெஷினுக்கு நேற்றுக் காலை பேட்டரி மாற்றினேன். வட்டமாக, பழைய ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் சின்னதாக இருக்கும் பேட்டரி. போட்டவுடன் மெஷினுக்கு உயிர் வந்தது. ஏதோ ஒரு வருஷத்து ஜனவரி ஒன்றாம் தேதி, மணி பன்னிரண்டு என்று காட்டியது. டாக்டருக்குத் தேதியும் நேரமும் சரியாக இருக்க வேண்டும். சாப்பாட்டுக்கு முன்னால் பார்த்ததா பின்னால் பார்த்ததா என்பதில் அவருக்கு என் வார்த்தையில் நம்பிக்கை கிடையாது. மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து, இருக்கிற ஒரே பொத்தானை அமுக்கி அமுக்கி, வருஷம், மாதம், நாள், மணி, நிமிஷம் என்று நகர்த்தினேன். நிமிஷத்தில் ஒரு அமுக்கு கூடிவிட்டது. மறுபடி அறுபதையும் சுற்றிக்கொண்டு வர வேண்டும். அலுப்பாக இருந்தது, விட்டுவிட்டேன். இன்றைய தேதிக்கு என் சர்க்கரை மட்டும் ஊரைவிட ஒரு நிமிஷம் முன்னால் ஓடுகிறது.

வீட்டில் கையால் மணி வைக்க வேண்டிய பொருள் இப்போது இது ஒன்றுதான். போன், மடிக்கணினி, டிவி, வாசல் கேமரா எல்லாம் எங்கேயோ கேட்டுத் தாங்களே மணி வாங்கிக்கொள்கின்றன. கரண்ட் போய் வந்தால் ஒரு நொடி விழிக்கும், அப்புறம் சரியான நேரத்தைக் காட்டிவிட்டு வேலையைப் பார்க்கும். தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வதுதான் எனக்கு வேலை. அங்கேயும் முந்நூறு சொச்சம் கம்ப்யூட்டர்கள் ஒரே நொடியைக் காட்டுகின்றன. நான் போகாவிட்டாலும் காட்டும்.

அந்தப் பழைய பேட்டரியைக் குப்பையில் போடாமல் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தேன். 'அதை என்ன பண்ணப் போறீங்க?' என்று என் மனைவி கேட்டாள். ஒன்றும் பண்ணப் போவதில்லை. இதே அளவு பேட்டரியை ஒரு காலத்தில் சட்டைப் பையில் மூக்குப்பொடி மட்டை மாதிரி போட்டுக்கொண்டு திரிந்தேன் என்பதும், அதில் பாதியைத் தேவையே இல்லாமல் வீடு வீடாக மாற்றிக்கொண்டிருந்தேன் என்பதும் அவளுக்குத் தெரியாது. உங்களுக்குச் சொல்கிறேன்.

நாகப்பட்டினம் போகிற ரோட்டில் ஒரு ஊர். பேர் வேண்டாம், ஏன் என்று போகப் போகத் தெரியும். மனிதர்களுக்கும் வேறு பேர்தான் வைத்திருக்கிறேன். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் வயல், அந்தப் பக்கம் பள்ளிவாசல் தெரு. பள்ளிவாசல் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது சவூதியிலோ துபாயிலோ குவைத்திலோ இருந்தார்கள். பகலில் அந்தத் தெருவில் நடந்தால் கிழவர்களும் பெண்களும் பிள்ளைகளும்தான் தெரிவார்கள். சுனாமி வந்து போய் ஒன்றிரண்டு வருஷம் இருக்கும். டிப்ளமா முடித்துவிட்டு, திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்திலிருந்து நான் அந்த ஊருக்கு வேலைக்குப் போய்ச் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் நாத்துக்கட்டைத் தூக்காத முதல் ஆள் நான். எங்கள் வீட்டில் கடிகாரம் கிடையாது. முதல் பஸ் ஆரன் அடித்தால் அம்மாவும் அப்பாவும் நடவுக்குக் கிளம்பிவிடுவார்கள். அந்த வீட்டுப் பிள்ளைக்கு ஊராருக்கு மணி வைக்கிற வேலை வாய்த்தது.

முதலாளி ஹாஜா பாய். அவர் கடை முதலில் கேசட் கடையாக இருந்தது. வளைகுடாவுக்குப் போனவர்களுக்குக் குடும்பம் பேசி அனுப்புகிற கேசட்டை அங்கேதான் பதிவு செய்வார்களாம். அப்புறம் எஸ்டிடி பூத் ஆனது. நான் போனபோது 'கம்ப்யூட்டர் சேல்ஸ் அண்ட் சர்வீஸ்' என்று புதுப் பலகை மாட்டியிருந்தார். பலகைக்குப் பின்னால் பழைய எஸ்டிடி பலகையின் மஞ்சள் ஓரம் எட்டிப் பார்க்கும். பாகங்களைச் சென்னையிலிருந்து வாங்கி வந்து கடையிலேயே கம்ப்யூட்டர் கோத்துக் கொடுப்போம். அதோடு ஒரு கேமரா, கோழிமுட்டை மாதிரி. ஒரு ஹெட்போன். வெளிநாட்டில் இருப்பவரோடு முகம் பார்த்துப் பேசத்தான் கம்ப்யூட்டர். அதில் வேறு வேலையும் செய்யலாம் என்பதில் அந்தத் தெருவுக்கு அக்கறை இல்லை.

அந்தக் கம்ப்யூட்டர்களின் வாசனை ஒன்று உண்டு. மூடியைத் திருகிக் கழற்றினால் சூடான புழுதி வாசனை வரும், அதோடு அந்தந்த வீட்டு வாசனையும் வரும். ஒரு வீட்டில் சாம்பிராணி, ஒரு வீட்டில் கருவாடு. மின்விசிறி எல்லாவற்றையும் உள்ளே இழுத்து வைத்திருக்கும். பல்லி முட்டை பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டில் கோடாலித் தைல வாசனை. அந்த வீட்டு அம்மா தலைவலி வரும்போதெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மகனுக்காகக் காத்திருப்பாராம். தலைவலி வந்ததால் காத்திருந்தாரா, காத்திருந்ததால் தலைவலி வந்ததா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஜெய்புன் அக்கா வீட்டுக் கம்ப்யூட்டரில் நெய்ச்சோறு வாசனை அடிக்கும். வெள்ளிக்கிழமைச் சமையல். அக்காவுக்கு அப்போது முப்பது வயது இருக்கலாம். வீட்டில் மாமியாரும் ஆறு வயசு மகள் சுமையாவும். நாத்தனார் வெளியூரில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தார். கணவர் அன்சாரி சவூதியில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் இருந்தார். பாலைவனத்துக்குள் கேம்ப். அங்கே போனுக்கு டவர் கிடையாது. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் கம்பெனி வேன் ஆட்களை டவுனுக்குக் கூட்டி வரும். அங்கே ஒரு பிரவுசிங் சென்டரில் அவருக்கு அரை மணி நேரம் கிடைக்கும். நம் மணிக்கு நாலரையிலிருந்து ஐந்து. ஐந்துக்கு வேன் கிளம்பிவிடும். அது தவறினால் அடுத்த வெள்ளி.

அந்த அரை மணிக்கு வீடு காலையிலிருந்தே தயாராகும். சுமையாவுக்குப் புது கவுன், முகத்தில் பவுடர். பவுடர் அதிகமாகிப் படத்தில் பிள்ளையின் முகம் வெள்ளைத் திட்டாகத்தான் தெரியும். அத்தா தெரிந்தவுடன் பிள்ளை கேமராவுக்கு முத்தம் கொடுக்கும். லென்ஸ் முழுக்கப் பவுடரும் எச்சிலும். மாதம் ஒருமுறை போய் அதைத் துடைத்துவிட்டு வருவேன். அதற்கு சர்வீஸ் என்று பேர்.

இனி மணி விஷயத்துக்கு வருகிறேன். கரண்ட் இல்லாத நேரத்திலும் கம்ப்யூட்டரின் கடிகாரம் ஓட வேண்டும் என்பதற்காகத்தான் உள்ளே அந்த வட்டப் பேட்டரி. அது தீர்ந்துவிட்டால், ஒவ்வொரு முறை கரண்ட் போய் வரும்போதும் கம்ப்யூட்டர் பழைய ஏதோ ஒரு ஜனவரிக்குப் போய்விடும். எங்கள் பக்கம் கரண்ட் போவதற்குக் கேட்பானேன். வயலுக்கு மும்முனை மின்சாரம் விடுகிற நேரத்தில் தெருவில் விளக்கெல்லாம் ஒரு தடவை சுருண்டு எழும், கம்ப்யூட்டர்களும் கூடவே செத்துப் பிழைக்கும். ஆகவே மணி தப்பு என்று யாராவது சொன்னால் பேட்டரி என்று சொல்லப் பழகியிருந்தேன். பெரும்பாலும் அது சரியாகவும் இருந்தது. அதுதான் வினையாகப் போயிற்று.

டெலிபோன் வயரிலேயே எந்நேரமும் நெட் இருக்கும் பிராட்பேண்ட் அந்த வருஷம் தெருவுக்கு வந்தது. வந்த கொஞ்ச நாளில் ஒரு புது வியாதி. 'தம்பி, கம்ப்யூட்டர் அரை மணி லேட்டா காட்டுது.' ஒரு வீடு, ரெண்டு வீடு, அப்புறம் தெருவே சொன்னது. போவேன், என் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சரியாக வைப்பேன், பேட்டரியையும் மாற்றிவிடுவேன். ஒரு வாரம் ஒழுங்காக ஓடும். மறு வாரம் அதே அரை மணி. 'பேட்டரி மட்டமா வருது பாய்' என்பேன். பாய் சென்னைக்குப் போன் போட்டு அந்த வியாபாரியைத் திட்டுவார். பாவம் அந்த வியாபாரி.

நெட் வந்த பிறகு கம்ப்யூட்டர் தானே மணி வாங்கிக்கொள்ளும் என்று ஒரு பத்திரிகையில் படித்திருந்தேன். அரைகுறையாகப் படித்தவனுக்கு வாய் அதிகம். ஜெய்புன் அக்கா வீட்டில் புது பேட்டரி போட்ட கையோடு இதைப் பெருமையாகச் சொன்னேன்.

'இனிமே சுவர்க் கடிகாரத்தப் பாக்காதீங்கக்கா. கம்ப்யூட்டர்ல என்ன மணியோ அதான் மணி. நெட்டுலேருந்து வருது, தப்பாது.'

'அப்ப பாங்கு சொல்றது?' என்று மாமியார் உள்ளேயிருந்து கேட்டார்.

'அதுகூட முன்னபின்ன இருக்கலாம் பாட்டி. இது இருக்காது' என்றேன். பள்ளிவாசல் தெருவில் நின்றுகொண்டு இப்படிச் சொல்ல அன்றைக்கு எனக்குத் தைரியம் இருந்திருக்கிறது.

ஆடி மாதம். வாய்க்காலில் தண்ணீர் வந்து, தெரு நாய்கள்கூடக் குளிர்ச்சியாகப் படுத்திருந்த நேரம். ஒரு சனிக்கிழமை அக்கா வீட்டிலிருந்து ஆள் வந்தது. போனேன். மாமியார் கதவோரம் உட்கார்ந்து முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா முகத்தில் ஒன்றும் இல்லை. தூங்காத முகம், அவ்வளவுதான்.

மாமியார்தான் சொன்னார். அன்சாரியின் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. நாலு வருஷமாக லீவுக்குக்கூட வரவில்லை. இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுவதா, ஊருக்கே திரும்பி வந்துவிடுவதா என்று கம்பெனி கேட்கிறது. சனிக்கிழமை காலைக்குள் பதில் சொல்ல வேண்டும். 'வெள்ளிக்கிழமை பேசுறப்ப ஜெய்புன் என்ன சொல்லுதோ அதான்' என்று முந்தின வாரம் சொல்லியிருந்தாராம். நேற்று நெட்டில் வந்திருக்கிறார். இங்கே யாரும் எதிரே இல்லை.

'மணி தப்பாக் காட்டிருச்சு' என்றார் அக்கா. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

திரையைப் பார்த்தேன். பேச்சு ஜன்னல் மூடாமல் அப்படியே இருந்தது. அன்சாரி தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்த வரிகள். இருக்கியா. ஜெய்புன். புள்ள எங்க. இருக்கியா. கடைசியாக, வேன் வந்துருச்சு. ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் கம்ப்யூட்டர் போட்ட மணி. முதல் வரி நாலு ரெண்டு. கடைசி வரி நாலு இருபத்தாறு. என் கைக்கடிகாரத்தையும் திரையின் மூலையையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். அதே அரை மணி. அவர் நாலு முப்பத்திரண்டுக்கு வந்து ஐந்துக்குப் போயிருக்கிறார். கம்ப்யூட்டரில் நாலரை ஆகட்டும் என்று இவர்கள் இருந்திருக்கிறார்கள். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காதே என்று சொன்னவன் நான்.

'பேட்டரிக்கா' என்றேன். மூடியைக் கழற்றி, இருபது நாள்கூட ஆகாத பேட்டரியை எடுத்துவிட்டு வேறொன்று போட்டேன். ஒரு திருகாணி உள்ளே விழுந்துவிட்டது. கம்ப்யூட்டரைத் தலைகீழாகப் பிடித்து ஆட்டி எடுத்தேன். சுமையா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. வழக்கமாக ஆயிரம் கேள்வி கேட்கிற பிள்ளை, அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை விஷயம் தெரிந்தது. வீட்டில் பதில் இல்லை என்றதும், இருக்கச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு அன்சாரி கையெழுத்துப் போட்டுவிட்டார். ரெண்டு வருஷம். அது முடிந்து இன்னொரு ரெண்டு வருஷம். வெளிநாட்டு வருஷங்கள் அப்படித்தான், ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வரும். நடுவில் ரெண்டு முறை லீவில் வந்தார். மொத்தமாகத் திரும்பி வந்தபோது சுமையா பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள்.

உண்மையான காரணம் எனக்கு அந்த ஐப்பசியில்தான் புரிந்தது. அடைமழை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்திலிருந்து கடைக்கு ஒரே போன். யார் வீட்டிலும் இப்போது அரை மணி தாமதம் இல்லை, ஒன்றரை மணி தாமதம். ஒரே நாளில், தெரு முழுக்க. மறுநாள் காலை மழையில் நனைந்துகொண்டு கடைக்கு வந்து, 'பேட்டரி பாய்' என்று ஆரம்பித்தேன்.

ஹாஜா பாய் டீயை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். 'ஏன் தம்பி, எல்லா பேட்டரியும் சொல்லி வச்சு ஒரே நாள்லயா சாகும்?'

பாய் எட்டாம் வகுப்பு. நான் டிப்ளமா. கடையிலிருந்த கம்ப்யூட்டரில் மணியைத் திறந்தேன். அதுவரை ஒரு நாளும் அமுக்காத பக்கத்து ஜன்னலை அமுக்கினேன். உலகப் படம் ஒன்று விரிந்தது. எந்த நாட்டு நேரம் என்று அதில் குறித்திருக்கும். எங்கள் கடை அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருந்தது.

நடந்தது இதுதான். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் மென்பொருள் ஏற்ற நாங்கள் ஒரே சிடியைத்தான் போட்டோம். அது கேட்கிற கேள்விக்கெல்லாம் படிக்காமலே 'அடுத்து, அடுத்து' என்று அமுக்கிக்கொண்டு போவேன். எந்த ஊர் நேரம் என்றும் அது கேட்டிருக்கிறது. நான் பதில் சொல்லாததால் அமெரிக்கா என்று அதுவே வைத்துக்கொண்டது. முள்ளைக் கையால் நம் மணிக்குத் திருப்பி வைத்துவிட்டு வந்துவிடுவேன். நெட் இல்லாதவரை ஒன்றும் தெரியவில்லை. பிராட்பேண்ட் வந்ததும் கம்ப்யூட்டர் வாரம் ஒருமுறை சரியான நேரத்தை வாங்கி, அமெரிக்க மணியாகக் காட்டத் தொடங்கியது. அங்கே வெயில் காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். நமக்குச் சாயங்காலம் நாலரை என்றால் அங்கே விடிகாலை நாலு. காலையா மாலையா என்று மூலையில் பொடி எழுத்தில் இருப்பதை யார் பார்த்தார்கள்? எண்ணைப் பார்த்து அரை மணி லேட்டு என்றோம். குளிர்காலக் கணக்குக்காக ஐப்பசியில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிக்கொள்வார்கள். கூடவே எங்கள் தெருவும் தள்ளிக்கொண்டது. மணியை மாற்றியிருக்கிறேன் என்று ஆங்கிலத்தில் ஒரு சின்னப் பெட்டி வேறு வந்திருந்ததாம். எல்லோரும் சரி என்று அமுக்கியிருக்கிறார்கள். என் கடையில் நானும் அமுக்கியிருந்தேன்.

பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் படத்தைப் பார்த்தார். 'நம்ம தெரு ஆளு எல்லாரும் அரபு நாட்டுக்குப் போயிருக்கான். நீ வீட்டுல உள்ளவங்கள அமெரிக்காவுக்கு அனுப்பி வச்சிருக்க' என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஒரு வாரத்தில் தெரு முழுக்கப் போய்ச் சரிசெய்தேன். ஒவ்வொரு வீட்டிலும் உலகப் படத்தைத் திறந்து, அமெரிக்காவிலிருந்து இழுத்துக்கொண்டு வந்து இந்தியாவில் விடுவேன். நெட்டோடு மணி சேர்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்புவேன். ஜெய்புன் அக்கா வீட்டைக் கடைசியாக வைத்துக்கொண்டேன். வாசலில் செருப்பைக் கழற்றி, மறுபடி மாட்டி, மறுபடி கழற்றினேன்.

'என்ன தம்பி கோளாறு?' என்று அக்கா கேட்டார்.

சொல்லியிருக்க வேண்டும். 'பேட்டரிதாங்க்கா, இனிமே வராது' என்றேன். அக்கா தலையை ஆட்டினார். மாமியார் டீ போட்டுக் கொடுத்தார். ஒரே மடக்கில் குடித்தேன். ஒரு மனுஷன் வீடு திரும்பாமல் போனதற்கு நான் 'அடுத்து' அமுக்கியது காரணம் என்று அந்த இரண்டு பெண்களிடம் எப்படிச் சொல்வது? இருபத்திரண்டு வயது. பயம். அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை.

அப்புறம் தஞ்சாவூரில் கல்லூரி வேலை கிடைத்தது. பாய் கடை கம்ப்யூட்டரிலிருந்து செல்போனுக்கு மாறி, அதன் பிறகு மூடிக்கொண்டது. ஆனால் இது என்னை விடவில்லை. கல்லூரியில் எங்காவது ஒரு கம்ப்யூட்டர் ஒரு நிமிஷம் பிசகினால் கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடுவேன். 'மணிதானே சார்' என்பார்கள். மணிதான். அன்சாரி அண்ணன் லீவில் வந்தபோது ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். பேசாமல் வேறு பஸ்ஸில் ஏறிப் பாதி தூரம் தப்பான ஊருக்குப் போய்விட்டுத் திரும்பினேன். ஒருத்தருக்குச் செய்த கெடுதலைச் சொல்லாமல் வைத்திருப்பது எவ்வளவு அலுப்பான வேலை என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். சம்பளமும் கிடையாது, லீவும் கிடையாது.

போன வருஷம் ஒருநாள் போன் வந்தது. சுமையாவுக்கு நிக்காஹ், பத்திரிகை வைக்க வருகிறோம் என்று. பழைய சர்வீஸ் தம்பியைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். பத்து மணி வாக்கில் வந்தார்கள். அன்சாரி அண்ணன் நரைத்து, கொஞ்சம் கூனி, நல்ல சிரிப்போடு இருந்தார். பத்திரிகையைக் கையில் கொடுத்து, 'அவசியம் வரணும்' என்றார். அதற்குள் யாரோ போனில் கூப்பிட, 'நீ பேசிக்கிட்டு இரு, கார எடுத்துத் திருப்பி வைக்கிறேன்' என்று அக்காவிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். என் மனைவி டீ போட உள்ளே போயிருந்தாள்.

இப்போது விட்டால் இனி இல்லை என்று தோன்றியது. சொன்னேன். சிடி, அமெரிக்கா, அரை மணி, பேட்டரி என்று பொய் சொன்னது, எல்லாவற்றையும். கோர்வையாக வரவில்லை. 'அண்ணன் அன்னைக்கே வந்திருப்பாங்கக்கா. என்னாலதான்' என்று முடித்தேன். நாற்பதைத் தாண்டியவன் பத்திரிகை வைக்க வந்தவர் முன்னால் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அக்கா பத்திரிகைப் பையை மூடினார். அப்புறம் வாசலை ஒருமுறை பார்த்தார். காரின் சத்தம் கீழே கேட்டது.

'தம்பி, நான் அன்னைக்கு நாலு மணிக்கே முன்னாடி வந்து உக்காந்துட்டேன்' என்றார். 'உங்க கம்ப்யூட்டரப் பாத்து இல்ல. பாங்கு சொன்னதும் வந்துட்டேன்.'

எனக்குப் புரியவில்லை.

'அவுங்க வந்தாங்க. ஸ்பீக்கர்ல மணி அடிச்சுச்சு. நான் எடுக்கல.'

கையிலிருந்த பத்திரிகையைக் கீழே வைத்தேன்.

'அவுங்க தங்கச்சிக்கு அப்பதான் மாப்பிள்ள பேசிக்கிட்டு இருந்தாங்க. வந்துருங்கன்னு நான் சொன்னா, அங்கேருந்து பணம் வராம அந்தக் கல்யாணம் நின்னுரும். காலத்துக்கும் நான்தான் கெடுத்தேன்னு ஆகும். அங்கயே இருங்கன்னு சொல்லுறதுக்கு எனக்கு வாய் வரல தம்பி. நாலு வருஷம். எப்படிச் சொல்லுவேன்? அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. எழுத்து எழுத்தா வந்துச்சு. புள்ள எடுக்கப் போச்சு, கையப் புடிச்சுக்கிட்டேன். கொல்லைல இருந்த மாமி வந்து என்னாச்சுன்னு கேட்டப்ப மணியப் பாத்தேன், அரை மணி தப்பா இருந்துச்சு. அதையே சொல்லிட்டேன். மறுநாள் நீங்க வந்து பாத்துட்டு ஆமான்னுட்டீங்க. எல்லாரும் நம்பிட்டாங்க.'

டீ வந்தது. அக்கா ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் மனைவி என் முகத்தையும் அவர் முகத்தையும் பார்த்துவிட்டுப் பேசாமல் உள்ளே போய்விட்டாள்.

'அவுங்களுக்கு இன்னை வரைக்கும் தெரியாது. நீங்க சொல்லிராதீங்க. உங்க மேல பழியப் போட்டுட்டேன்னு எனக்குத்தான் மனசுல இருந்துச்சு. நீங்க வேற இதச் சுமந்துக்கிட்டு இருந்திருக்கீங்க.'

நிம்மதியாக இருந்திருக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பீர்கள். இல்லை. இத்தனை வருஷம் நான் வருத்தப்பட்டதெல்லாம் நான் செய்யாத ஒன்றுக்கு என்று ஆகிவிட்டது. எனக்கு அசதியாகத்தான் இருந்தது. அந்தச் சனிக்கிழமை அவர் என் முகத்தைப் பார்க்காமல் பேசியதும், சுமையா கேள்வி கேட்காமல் நின்றதும் அப்போதுதான் விளங்கின. எடுக்கப் போன கையைப் பிடித்து நிறுத்தியதால், பிள்ளைக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

கிளம்பும்போது அக்கா மாப்பிள்ளையைப் பற்றிச் சொன்னார். துபாயில் வேலை. நிக்காஹ் முடிந்து இருபது நாளில் திரும்பிப் போய்விடுவார். இப்போதே தினம் பத்து தடவை வீடியோவில் பேச்சாம்.

'நேத்து அவரு கூப்பிட்டப்ப சுமையா எடுக்கல. என்னமோ மனத்தாங்கல். பொறவு நான் தூங்கிட்டேன்னு சொல்லுது. அதுக்கு அவரு, நாலு இருபதுக்கு போன்ல இருந்திருக்க, நாலு இருபத்தொண்ணுக்கு நான் கூப்பிட்டேன், ஏன் எடுக்கலன்னு கேக்குறாரு. மணியோட சொல்லுறாரு தம்பி. புள்ள என்ன சொல்லும்? முழிக்குது.' செருப்பை மாட்டிக்கொண்டே, என்னிடம் சொல்வது போலவும் இல்லாமல் சொன்னார்: 'எனக்காவது அன்னைக்கு உங்க கம்ப்யூட்டர் இருந்துச்சு.'

மாடியிலிருந்து பார்த்தேன். அன்சாரி அண்ணன் காரின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார். அக்கா ஏறினார். கார் முனையில் திரும்பி மறைந்தது.

நிக்காஹுக்குப் போயிருந்தேன். பள்ளிவாசல் தெருவில் பழைய வீடுகள் ரெண்டு மூன்றுதான் மிச்சம். கம்ப்யூட்டர் எந்த வீட்டிலும் இல்லை, எல்லோர் கையிலும் போன். மண்டபத்தில் உட்கார்ந்து அக்கம் பக்கத்தில் இருந்தவர்களின் போன்களைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றிலும் ஒரே மணி, ஒரே நிமிஷம். தப்பாக ஓடுகிற ஒரு கடிகாரம்கூட இப்போது அந்த ஊரில் கிடையாது. இருந்தவற்றையும் வீடு வீடாகப் போய் ஒன்று விடாமல் திருத்தி வைத்துவிட்டு வந்தவன் நான்தான்.